அக்கா பார்க்காமல் வைத்திருந்த சிங்கம்

அலைபேசித் திரையில் அக்காவின் முகம் எப்போதும் பாதிதான் தெரியும். மீதியை அவள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலை எடுத்துக்கொள்ளும். கல்யாணமானதும் டான்சானியாவில் அருஷா என்ற ஊருக்குப் போனவள். மாமாவுக்கு அங்கே தொழிற்சாலை வேலை. நான் மைசூரிலேயே தங்கிவிட்டேன்; மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் பேசியதெல்லாம் ஒரே பயணத்தைப் பற்றித்தான். நான் அங்கே போக வேண்டும், இருவருமாக ஜீப்பில் ஏறிச் சிங்கம் பார்க்க வேண்டும். சின்ன வயதில் மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, கடைசிவரை திரும்பவே இல்லை. அன்று முளைத்த ஆசை அது.

ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. என் மகளின் பரீட்சை, மாமியாரின் இடுப்பெலும்பு முறிவு, பிறகு ஊரே அடைந்து கிடந்த கொரோனாக் காலம். நான் புலம்புவேன். அக்கா அலட்டிக்கொள்ள மாட்டாள். "திட்டம்னா சேலை கட்டற மாதிரி அம்மிணி. கொசுவம் சரியா வரலீன்னா பிரிச்சுட்டு மறுபடி கட்டிக்கலாம்" என்பாள். நாங்கள் பிறந்து வளர்ந்த ஹனூர்ப் பக்கத்துப் பேச்சை அத்தனை தூரம் போயும் அவள் விடவில்லை. அங்கே வருஷா வருஷம் மிருகக் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காலம் தப்பினால் என்ன, குட்டி ஈனும் காலத்தில் பார்க்கலாம் என்பாள். அவள் சொல்லும்போது தள்ளிப்போவதுகூட லாபம் போலத் தோன்றும்.

கடைசியில் நான் போய் இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு மாமா மட்டும்தான் வந்திருந்தார். காரில் வரும்போது சொன்னார். அக்காவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. உயரமான இடங்களுக்குப் போகக் கூடாதென்று வைத்தியர் தடுத்துவிட்டார். நாங்கள் சிங்கம் பார்க்கப் போகவிருந்த செரங்கெட்டிக்குப் போகும் பாதையோ மலையேறித்தான் இறங்குகிறது. சொன்னால் நான் பயணத்தை நிறுத்திவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருந்தாள். "ஜீப்புக்குச் சொல்லியாச்சு. நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு கண்ணு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். வந்த காலோடு இருவரும் சண்டை பிடித்தோம். அப்போதுதான் மாமா குறுக்கிட்டு, இத்தனை வருஷத்தில் அவளும் ஒரு சிங்கத்தைப் பார்த்ததில்லை என்றார். அவரோடு வேலை செய்பவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும்போதெல்லாம், "என்ற தங்கச்சி வரட்டும்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவாளாம். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜீப்பை வேண்டாமென்று சொல்லச் சொன்னேன்.

மறுநாள் மாமா எங்களைப் பக்கத்திலிருந்த சின்னக் காட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். சிங்கமே இல்லாத காடு. ஓரிடத்தில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று பாதையைக் கடக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு நடுவிலேயே நின்றது. மாமா எஞ்சினை அணைத்தார். அக்காவின் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. "அவசரமே இல்லை பாரு அதுக்கு" என்றாள், மெதுவாக. அது போன பிறகும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்ததும் கை தானாக அலைபேசியைத் தேடும். எடுத்து, சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் மாமா கூப்பிட்டார். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாராம். அதற்குள் நான் ஒரு தடவை வந்தால், நல்ல ஆளாகப் பார்த்துச் செரங்கெட்டிக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"அவள உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படிப் போறது அம்மிணி?" என்றார்.

இருவருமே போகலாம் என்றேன். நான் லீவு கேட்டு வருவதற்குள் அங்கே மழை பிடித்துவிடலாம், பாதை அறுந்தாலும் அறுந்துவிடும் என்றார்.

"பரவால்லீங் மாமா. நான் வர்றேன்" என்றேன்.