நாற்பது லேபிளும் ஓர் எழுத்தும்

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் சோபியாவின் வீடு. வீட்டிலேயே சிடி பதிந்து லேபிளும் போட்டுத் தருகிறாள். இந்தக் காலத்தில் சிடி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அவள் கைவேலையைப் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, சிடி டப்பாவின் நடுக்குச்சியில் கோத்து சிடிமேல் இறக்குவாள். இம்மி பிசகாது. கோணலாக ஒட்டினால் ஓடும்போது சிடி ஆடும். பிய்த்தாலோ, பாட்டு பதிந்த வெள்ளிப்பூச்சும் கூடவே வந்துவிடும். ஒட்டினால் ஒட்டினதுதான்.

ஜெயம்மா வந்தது மகள் கல்யாணத்துக்காக. போன வருஷம் செத்துப்போன புருஷன் தேவராஜ் தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். போனில் இருந்த அவர் பாட்டை நாற்பது சிடியாக்கி, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

"மேல இன்னா எய்தணும்?"

"எயிலரசிக்கு அவங்கப்பா பாடுனதுன்னு எய்து."

எங்கள் பக்கத்து வாயில் ழ வராது என்பது சோபியாவுக்குத் தெரியாதா? கோழியே இங்கே கோயிதான். 'எழிலரசி' என்று அழகாக அடித்து நாற்பதையும் ஒட்டி முடித்தாள். பார்க்க வந்த ஜெயம்மாவுக்கு எழுத்து தெரியாது. நல்லாகீது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மகள் வாங்க வந்தாள். லேபிளைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, எம்பேர்ல சாதா யி. ஸ்கூல்ல சேக்க சொல்லோ அப்பா சொன்னத அப்டியே எய்திட்டாங்க. மாத்திக்கோன்னு டீச்சர் சொன்னாங்க. அவரு கூப்ட்ட பேருன்னு நான் மாத்தல." பிறகு, "பரவால்லக்கா, இருக்கட்டும்" என்றாள்.

சோபியாவுக்குச் சுருக்கென்றது. நாற்பது பதிந்தவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது போட்டுக் கேட்டாள். பாட்டின் நடுவில் தேவராஜ் இருமி நிறுத்தி, "எயிலு, தண்ணி குடும்மா" என்றார்.

"அவரே சொல்லிக்கீறாரு, நாந்தான் கேக்கல. நாளைக்கு மத்தியானம் வா."

புது சிடி வாங்கி, பதிந்து, வெட்டி, ஒட்டி, சொன்ன நேரத்துக்கு நாற்பதையும் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

தாயும் மகளும் வந்தார்கள். என்ன மாறியது என்று ஜெயம்மாவுக்குப் புரியவில்லை. "பயசையும் புதுசையும் படி, கேக்குறேன்" என்றாள்.

சோபியா பழையதைப் படித்தாள்: "எயிலரசி." புதியதைப் படித்தாள்: "எயிலரசி."

"ரெண்டும் ஒண்ணுதான? இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று ஜெயம்மா சிரித்தாள். சோபியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் மட்டும் அந்த 'யி' மேல் விரலை வைத்தபடி அழுதாள்.