கடுகு வெடிக்காத மூன்று வாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்த பிறகு நான் சேர்த்த ஒரே சொத்து தொப்பைதான். ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுக்கவைத்தார்கள். ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, சாப்பாட்டில் கொழுப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"குறையுங்கள்" என்றது என் மனைவி காதில் "ஒழியுங்கள்" என்று விழுந்தது. நெய்ப் போத்தலும் கடலெண்ணெய் டின்னும் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயின. அவர்கள் என் எண்ணெயிலேயே வடை சுட்டார்கள். வாசனை மட்டும் எனக்கு வந்தது.

மனைவி சட்டியில் தண்ணீர் ஊற்றித் தாளித்தாள். கடுகு வெடிக்கவில்லை, நீந்தியது. அவித்த மீன் இரண்டாம் முறை செத்ததுபோல் தட்டில் கிடந்தது.

"இத மனுசன் திம்பானாலா?"

"தின்னா உசுரோட இருப்பீங்க."

"இதத் தின்னுட்டு உசுரோட இருந்து என்ன பண்றது?"

அவள் அழுதுவிட்டாள். அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன சாப்பாடு என்று தமிழ் நர்ஸ் ஒருவர் கேட்டார்; எங்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸி. மனைவி பெருமையாகச் சொன்னாள். மிஸ்ஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ அக்கா, எண்ணெயே வேணாம்னு யாரு சொன்னா? நெய்யி, ஆட்டுக் கொழுப்பு, கெட்டித் தேங்காப்பால், இதெல்லாம் கொறைங்க. பொரிச்ச எண்ணெயிலயே திரும்பத் திரும்பப் பொரிக்காதீங்க. கடலெண்ணெய், நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊத்தலாம். கெம்போங் மீனு, கச்சாங் திங்கலாம். அந்தக் கொழுப்பு நெஞ்சுக்கு நல்லதுலா."

கானாங்கெளுத்தி மீனும் வேர்க்கடலையும் தின்னலாம் என்றதும் எனக்குத் தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது. மறுநாளே புந்தோங் கடையில், உப்பும் மிளகாயும் போட்டுப் பொரித்த கச்சாங் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி, காம்பார் போய்ச் சேர்வதற்குள் காலி செய்தேன். சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி பையைத் திருப்பினாள். கடலைத் தோல் கொட்டியது.

"மிஸ்ஸிதான் நல்லதுன்னாங்க" என்றேன்.

"ஒரு கைப்பிடி நல்லது. நீங்க தின்னது ஒரு கடை."

அதிலிருந்து உப்பில்லாமல் வறுத்த கடலை, அவள் கையளவு. அவள் கை சின்னது. வாரம் இரண்டு நாள் கெம்போங் மீன் குழம்பு, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தது. உண்மையைச் சொன்னால், ருசியாகவே இருந்தது.

சில மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. மிஸ்ஸி மனைவிக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். தின்ற என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. புந்தோங்கில் இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுப்பவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திட்டு வாங்கிக்கொண்டே நடந்து வந்தேன்.