மைக் டெஸ்டிங்குக்கு அப்பா சொன்ன வார்த்தை

அந்தச் சனிக்கிழமை சபை மூப்பர் என்னைக் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: எங்கள் வீட்டு நாற்பது வாட் பல்பைப் போடும்போதும் அப்பா அதே வார்த்தையைத்தான் சொல்வார்.

சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்பா என்ன பதில் சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது...

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் அப்பா பகலெல்லாம் ரேடியோ ரிப்பேர் செய்வார். திருவிழா வந்தால் மைக் செட். சைக்கிள் கேரியரில் குழாய் ஸ்பீக்கர், ஹேண்டில்பாரில் ஒயர்ச் சுருள், முன்கம்பியில் நான், என் மடியில் ரெக்கார்டுப் பெட்டி. வால்வு ஆம்ப்ளிஃபையர் சூடேறும்போது உள்ளே தூசி கருகி ஒரு வாசனை வரும். திருவிழா என்றால் சாம்பிராணிக்கு முன்னால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவின் பெயர் சாமுவேல். விடிவதற்கு முன் எழுந்து ஜெபம். சாப்பிடுமுன் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கொடுத்தாலும் வேலை எடுக்க மாட்டார். சபைக்கு மட்டும் அன்று செட் போடுவார், காசு வாங்காமல்.

மற்ற மைக்காரர்கள் "ஒன், டூ, த்ரீ" என்பார்கள். அப்பா சுவிட்சைப் போட்டு, மைக்கை விரலால் தட்டி, "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்பார். தேவனுக்கு நன்றி என்று நாங்கள் சபையில் சொல்கிற வார்த்தை அது. ஆனால் கோயிலிலும் ஸ்தோத்திரம் உண்டல்லவா?

அடி அண்ணாமலையில் ஆடி வெள்ளிதோறும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அந்த ஊர் நாட்டாண்மைக்கு அப்பாவின் டெஸ்டிங் மிகவும் பிடிக்கும்.

"நம்ம சாமிவேலுவப் பாருய்யா. மைக்கத் தொட்டாலே ஸ்தோத்திரம்தான். அப்பிடி ஒரு பக்தி."

சாமுவேல் அங்கே சாமிவேலு ஆகியிருந்தார். அப்பா திருத்தியதில்லை. அம்மனுக்குப் படைத்த கூழை மட்டும், "வயிறு சரியில்லங்க" என்று தள்ளிவிடுவார். பாவம், அந்த ஊரில் அப்பாவுக்கு வருஷா வருஷம் ஆடி மாதம் வயிறு சரியிருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை காற்று எந்தப் பக்கம் அடித்ததோ... ரோட்டில் சைக்கிளில் போன எங்கள் சபை மூப்பரின் காதில் அப்பாவின் குரல் விழுந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நீ கூடப் போறியே. உங்கப்பா அங்க யாருக்கு ஸ்தோத்திரம் சொல்றாரு?"

நான் உள்பக்கம் பார்த்தேன். அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஐயா, ஒருவாட்டி மழையில சுவிட்ச் போட்டு ஷாக் அடிச்சிதில்ல? அதுலருந்து எப்ப போட்டாலும் உசுரோட இருக்கமேன்னு வாயில வந்துடுது. கர்த்தருக்குத்தான் சொல்றேன்."

"அத மனசுல சொல்லேன். மைக்குல எதுக்கு?"

"மனசுல சொன்னா மைக் வேலை செய்யுதான்னு எப்டிங்க தெரியும்?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மூப்பர் சிரிக்கவில்லை.

"நாளைக்குத் திருவிருந்து, சாமுவேலு. இனிமே கோயில் வேலைக்குப் போறதில்லன்னு எங்கிட்ட சொல்லிட்டு அப்பம் வாங்க வா. இல்லன்னா நீ எழுந்தே வர வேணாம்."

அவர் போனபிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, சும்மா சொல்லிட்டுதான் வாங்களேன்."

"சொல்லிட்டுக் கோயில் வேலைக்குப் போனா பொய். போகாம இருந்தா சோறு இல்ல. நான் உக்காந்துக்கறேன், விடு."

விடு என்றாரே தவிர, அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பமும் திராட்சரசமும் வாங்கும் அந்தத் திருவிருந்தை ஒருமுறைகூடத் தவறவிட்டவர் இல்லை அவர். காய்ச்சலிலும் போயிருக்கிறார்.

ஞாயிறு காலை சபையில் செட் போட்டார். "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." முதல் வரிசையில் மூப்பர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடியும் நேரம், வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிட்டார்கள். அம்மா போய்விட்டு வந்தாள். அப்பா ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருகத் தேவையில்லாத வால்யூம் குமிழில் கையை வைத்திருந்தார்.

கடைசி வரிசையும் திரும்பியது. போதகர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு அப்பத் தட்டோடு படியிறங்கி நேராக அப்பாவிடம் வந்தார்.

"செட்ட விட்டுட்டு நகர முடியாது இவரால," என்று பின்னால் திரும்பிச் சொன்னார். "கீச்சுன்னு கூவ ஆரம்பிச்சிடும்."

பின்னால் கோப்பைத் தட்டைப் பிடித்து வந்தவர் மூப்பர்தான்.

அப்பா எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே, ஒயர்களுக்கு நடுவில், முழங்காலிட்டு வாங்கிக்கொண்டார்.

போதகருக்கு விஷயம் தெரியுமா? மூப்பர் சொல்லியிருப்பாரா? இல்லை, நிஜமாகவே செட் கூவும் என்றுதான் நினைத்தாரா? வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன்.

"நான் கேக்கலம்மா. கேட்டா தெரிஞ்சிடுமே," என்றார்.

இப்போது ஆபீஸ் மீட்டிங்கில் தினமும், "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்கிறோம். யாராவது கட்டைவிரலைக் காட்டுவார்கள், அதோடு சரி. அன்று ஒரு மைக்காரர் சொன்ன ஒரே வார்த்தையை நாட்டாண்மை ஒரு விதமாகக் கேட்டார், மூப்பர் ஒரு விதமாக. போதகர் எப்படிக் கேட்டார் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை...

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அடி அண்ணாமலைக்குப் போனார். புளியமரத்தில் குழாயைக் கட்டி, சுவிட்சைப் போட்டு, மைக்கைத் தட்டி, "ஸ்தோத்திரம்" என்றார். கூழ் வந்தபோது வயிறு சரியில்லை என்றார்.