ராசமலர் வெட்டிய துண்டு

ராசமலருக்குக் கதிரையில் இருந்து வேலை பார்க்கத் தெரியாது. ஐம்பது வயது வரைக்கும் அவளை யாரும் அப்படி இருக்கச் சொன்னதும் இல்லை. வெருகல் பக்கத்தில் பிறந்து, சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து, திருகோணமலை அன்புவழிபுரத்தில் இரண்டு அறை வீடொன்றில் வந்து ஒதுங்கியவள். கட்டியவன் கட்டாருக்குப் போய் இரண்டாம் வருடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கு மைதான் வீண். கூட வந்த தகப்பன் வேலாப்போடி ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தார். நாலு வருடம் முதுகில் ஒரு புண் வராமல் அவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கதை பரவித்தான், அவர் கண்ணை மூடிய பிறகு, பாலையூற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பார்க்க வரச் சொல்லி முதல் அழைப்பு வந்தது.

பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, தாய் தகப்பன் மட்டும் பெரிய பெரிய வீடுகளில் தனித்துக் கிடக்கிற ஊர் இது. ஒரு வீடு இரண்டானது, இரண்டு ஐந்தானது. இப்போது ராசமலரிடம் ஒன்பது பெண்கள். குளிக்க வார்ப்பார்கள், சோறு தீத்துவார்கள், மருந்து கொடுப்பார்கள், நடக்கக்கூடியவரைக் கையைப் பிடித்து நடத்துவார்கள். ஆனால் போன வீடுகளில் அவர்களை வேலைக்காரியாகத்தான் பார்த்தார்கள். மீன் வெட்டித் தா என்றார்கள், முற்றம் கூட்டச் சொன்னார்கள், பின்பக்கத்தால் வரச் சொன்னார்கள். ஒருத்திக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அன்று ராசமலர் அந்த வீட்டு வாசலில் நின்று பேசிய பேச்சை அந்த ஒழுங்கைச் சனம் இன்னும் மறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பிரசாந்தனின் வகுப்பில் சேர்ந்தாள். அவன் கனடாவில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியவன். இப்படிச் சேவை நடத்துகிறவர்களுக்குத் தொழிலை எப்படி வளர்ப்பது என்று ஞாயிறு பின்னேரங்களில் கைபேசி வழியாகச் சொல்லிக் கொடுத்தான். முதலாளி நோயாளியின் கட்டிலடியில் நிற்கக் கூடாது, கதிரையில் இருந்து ஆட்களை நடத்த வேண்டும் என்றான். நிறுவனத்தின் பெயர் அச்சடித்த கடதாசி வேண்டும், முத்திரை வேண்டும் என்றான். பெண்களுக்குச் சீருடை வேண்டும், நெஞ்சில் பெயர்ப்பட்டி வேண்டும், அப்பா அம்மா என்று உறவு கொண்டாடாமல் சேர், மேடம் என்று அழைக்க வேண்டும் என்றான். இத்தனையும் சொன்ன பிள்ளை ராசமலரை வாய்க்கு வாய் அக்கா என்றுதான் அழைத்தான். அவளும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

மற்றதெல்லாம் அரைமனம், சீருடை மட்டும் அவள் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சட்டை, கையிலும் கழுத்திலும் நீலக் கரை. ஒன்பது பேரும் அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டு முற்றத்தில் நிரையாக நின்ற அன்று அவளுக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. அடுத்த கிழமையே மீன் வெட்டச் சொல்வது நின்றது. முன்வாசல் திறந்தது. தேத்தண்ணி பீங்கான் கோப்பையில் வந்தது. பிரசாந்தன் சொன்னது சரிதான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கனகசபையின் வீட்டில்தான் அது பிழையாய்ப் போனது.

கனகசபை துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். எண்பத்தொரு வயது. மனைவி இரத்தினேஸ்வரி இறந்து மூன்று வருடம். அது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. மகள் தனுஷிகா லண்டனில். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த விதுசா என்ற பெண்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். பழைய பாவாடை சட்டையோடு வந்து, அப்பா அப்பா என்று அவரைச் சுற்றிக்கொண்டு திரிந்தவள். அவள் யாரென்று அவருக்கு விளங்கியதோ இல்லையோ, வீட்டுப் பிள்ளை என்ற மட்டில் அவருக்குச் சந்தோசம். அதே விதுசா ஒரு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோடு வந்து, சேர், மருந்து குடியுங்கோ என்றாள். அவர் கட்டிலைப் பார்த்தார், மருந்துத் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தன்னை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரே கேள்வி.

“பிள்ளை, எனக்கு எப்ப துண்டு வெட்டுவீங்கள்? வீட்டில மனிசி தனிய.”

ஆஸ்பத்திரியில் சுகமானவரை வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதிக் கொடுப்பதைத் துண்டு வெட்டுவது என்றுதான் இங்கே சொல்வோம். விடிந்ததும் வேட்டியையும் சவர்க்காரத்தையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு அவர் கட்டிலில் காத்திருப்பார். மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, இன்றைக்கும் டொக்டர் வரவில்லையாக்கும் என்று பையை அவிழ்ப்பார். சொந்த வீட்டில், தான் கட்டிய சுவருக்குள்ளே, வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு மனிசன் ஏங்கிக்கொண்டிருந்தால் அவரை எங்கே கொண்டுபோய் விடுவது? தனுஷிகா காணொலியில் வந்து, அப்பா இது எங்கட வீடுதானே என்று அழுதாள். அவர் மகளை ஆறுதல்படுத்தி, பார்க்கிற நேரம் முடியப்போகிறது, மணி அடிக்க முன்னம் வெளிக்கிடு என்று அனுப்பிவைத்தார். சாப்பாடும் குறைந்தது. ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு எந்தக் காலத்திலும் இறங்காதாம்.

ராசமலர் பிரசாந்தனை அழைத்துச் சொன்னாள்.

“அக்கா, இது என்ர பாடத்தில இல்லை. அந்த வீட்டுக்கு மட்டும் சீருடையைக் கழட்டிப் பாருங்கோ,” என்றான். அவனும் என்ன செய்வான், பாவம்.

கழற்றினார்கள். விதுசா பழைய பாவாடை சட்டையோடு போய், அப்பா என்றாள். கனகசபை அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

“டியூட்டி முடிஞ்சுதோ, பிள்ளை? வீட்ட போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

விதுசா குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

உடம்பில் வந்த புண் என்றால் ராசமலருக்கு வழி தெரியும். இதற்கு எதைப் பூசுவது? சீருடையை எல்லோரிடமும் பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தாள். அப்படிச் செய்தாலும் அந்த மனிசனுக்கு விளங்கப்போவதில்லை, ஒன்பது பெண்களும் திரும்பப் பின்வாசலுக்குத்தான் போவார்கள். கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நம்பினாள். துண்டைத்தானே கேட்கிறார், வெட்டிக் கொடுத்தால் என்ன?

பெயர் அச்சடித்த கடதாசியை எடுத்தாள். கனகசபை, சுகம், வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினாள். முத்திரையை அழுத்திக் குத்தினாள். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டார். சுவரில் இருந்த இரத்தினேஸ்வரியின் படத்தைக் கழற்றச் சொன்னார். தனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மகள்தான் இதை இங்கே கொண்டுவந்து கொழுவியிருக்க வேண்டும், மறந்து விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ராசமலர் பேசி வைத்திருந்த றுவைஸ் என்ற பையனின் ஓட்டோவில் ஏறினார். பக்கத்தில் ராசமலர்.

ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதுதான் திட்டம். அதற்குள் விதுசா கட்டிலைப் பின்அறைக்கு மாற்றி, மருந்துத் தட்டை ஒளித்து, முன் விறாந்தையில் அவருடைய சாய்மனைக் கதிரையைப் போட்டு, மீன்குழம்பும் வைத்திருப்பாள். றுவைஸ் உள்துறைமுகப் பக்கமாக ஓட்டினான். கனகசபைக்குப் பத்து வயது குறைந்தது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்றார். நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலைக் காட்டி, இதை உள்ளே கொண்டுவர இரண்டு படகு வேண்டும், ஒன்றோடு முயன்றால் பிசகிவிடும் என்றார். கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு வடை தின்றார். ராசமலர் ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள். இதை அடுத்த ஞாயிறு வகுப்பில் சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டுப் படலையடியில் நின்றது. விதுசா சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

கனகசபை இறங்கவில்லை. படலையைப் பார்த்தார், மாமரத்தைப் பார்த்தார், விதுசாவைப் பார்த்தார். ஓட்டோவின் கம்பியைப் பிடித்த கை இறுகியது.

“தம்பி, பிழையான இடத்துக்கு வந்திட்டாய். இது ஆஸ்பத்திரியெல்லோ?”

றுவைஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டான்.

“இல்லை ஐயா. இது உங்கட வீடு,” என்றாள் ராசமலர். “நீங்கள் கட்டின வீடு. வடிவாப் பாருங்கோ.”

அவர் பார்த்தார். அவள் சொன்னதற்காக உண்மையாகவே முயன்று பார்த்தார். பிறகு அவளுக்கு ஏதோ சங்கடம் என்று நினைத்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை. பெரியாக்கள் விடேலாதெண்டு சொல்லியிருப்பினம். நீங்கள் என்ன செய்யிறது?”

சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து, மடிப்பை நீவி, அவள் கையில் கொடுத்தார்.

“இரத்தினத்துக்கு மட்டும் ஆள்விட்டுச் சொல்லுங்கோ. சமைச்சு வச்சுப் பாத்துக்கொண்டிருப்பாள்.”

மடியில் இருந்த படத்தில் இரத்தினேஸ்வரி இருந்தாள். ராசமலர் ஓம் என்றாள். இருபக்கமும் இரண்டு பெண்களும் பிடித்துக்கொள்ள அவர் ஒரு சண்டையும் இல்லாமல் உள்ளே போனார். கட்டில் எங்கே என்று கேட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கனகசபை பை அடுக்குவதில்லை. துண்டு எப்போது என்று கேட்பதுமில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார், சொன்ன நேரத்தில் படுக்கிறார், கரைச்சல் இல்லாத நோயாளி. மகளுக்கு அனுப்பும் அறிக்கையில் விதுசா அப்படித்தான் எழுதுகிறாள். ராசமலர் மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வீட்டுக்குப் போய்க் கட்டிலடியில் நிற்கிறாள், இன்றைக்காவது ஒரு தரம் கேட்டுவிடமாட்டாரா என்று.