புருவத்தால் சொன்ன ஓம்

எங்கள் வீட்டில் ‘ஓம்’, அதாவது ஆமாம், என்பதைப் புருவத்தால்தான் சொல்வோம். இரண்டு புருவங்களும் ஒரு கணம் மேலே போய்க் கீழே வரும். சோறு போடவா என்று கேட்டால் புருவம், கதவு பூட்டியாயிற்றா என்று கேட்டாலும் புருவம். அம்மா பிலிப்பைன்ஸில் பிறந்தவர். அங்கே எல்லோரும் அப்படித்தானாம். அப்பா யாழ்ப்பாணத்தவர், கப்பல் இஞ்சினியர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலிலும் மூன்று மாதம் வீட்டிலுமாக இருந்த அவரும் அதைப் பழகிக்கொண்டார். கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் மேல்மாடி வீடு இருந்தது. அதன் படிகளைத் தாண்டினால் தூக்கிய புருவத்துக்கு வேறு அர்த்தம் என்பது பள்ளிக்கூடம் போகிற எனக்குத் தெரியும். கடைக்காரரிடம் சிரிப்பாலும் சொல்லாலும் பேசிச் சமாளித்த அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா தன் ஊரில் ஆறு வருடம் கணித ஆசிரியராக இருந்தவர். கொழும்பில் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவருடைய சான்றிதழ்களை மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்திருந்தன. மரக்கறிக்காரர் அவரைச் சீன நோனா, சீனத்து அம்மணி, என்றுதான் அழைப்பார். அம்மா திருத்துவதில்லை. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைச் செருகுகிற சிறிய பித்தளைக் குழாயை மாதம் ஒரு தடவை புளி போட்டு மினுக்கி வைப்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, எங்கள் ஒழுங்கையில் ரியூஷன் வகுப்பு நடத்திய முதியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் அவரை ‘சேர்’ என்பார்கள். ஆங்கில மொழிமூல வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர் திடீரென்று கனடாவுக்குப் போய்விட்டாராம்.

“மூண்டு சனிக்கிழமை எடுத்துப் பாருங்கோ ரீச்சர். பிள்ளையள் நிண்டா வகுப்பு உங்கட. நிக்காட்டி என்னோட கோவிக்கக் கூடாது.”

பத்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் அம்மாவை ரீச்சர் என்று அழைத்தார். அம்மாவின் புருவம் மேலே போனது. அதைக் கண்ட சேர், “ஏன், மூண்டு போதாதோ?” என்றார்.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் பத்தாம் வகுப்பு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு விதி இருந்தது. வெண்கட்டி பிள்ளையின் கையில் இருக்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. கண்ணாடி போட்ட ஒரு பையன் கரும்பலகையில் கணக்கைச் செய்து முடித்து, திரும்பி அம்மாவைப் பார்த்தான். விடை சரி. அம்மா புருவத்தைத் தூக்கினார். அவன் உடனே விடையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினான். அம்மாவின் முகம் அசையவில்லை. இப்போது சரியாகிவிட்டது என்று நினைத்து அவன் போய் உட்கார்ந்தான். அம்மா முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்தில் பத்துக் கணக்கில் நாலுதான் முடிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை ஒன்பது பேர். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் இடைவேளையில் கதைத்தார்கள்.

“என்னடி, எதை எழுதினாலும் இவ ஆச்சரியப்படுறா.”

“எங்களுக்குக் கணக்கு ஓடாது எண்டு ரெண்டு கிழமையிலயே பிடிச்சிட்டா போல.”

இரட்டைப் பின்னல் போட்டவள் என் பக்கம் திரும்பினாள். “தங்கச்சி, உங்கட அம்மா வீட்டிலயும் இப்பிடித்தானோ?”

“இல்லை” என்றேன்.

ஓம் என்றால் மற்றதையும் சொல்ல வேண்டும். புருவத்தால் பேசுகிற வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் சிரிப்பார்கள். ஏற்கெனவே என்னைச் சீனத் தங்கச்சி என்று அழைக்க ஒருவன் தொடங்கியிருந்தான்.

வீடு திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நல்ல பிள்ளையள். சரியா எழுதிப்போட்டு ஏன் அழிக்கினம்? என்னைக் கண்டு பயமோ?” சிறிது தூரம் நடந்தபின், “நான் படிப்பிக்கிறதை மறந்திட்டன் போல” என்றார். நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஏழு பேர். சேர் ஒரு கதிரையைத் தூக்கிவந்து எனக்குப் பக்கத்தில் போட்டு, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னல்காரி பலகைக்குப் போனாள். ஒவ்வொரு வரியாக நிதானமாகச் செய்து, கடைசியில் ஏழு என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். புருவம். அவள் முழுவதையும் அழித்தாள். தடுக்கப்போன அம்மாவின் கை பாதியில் நின்றது, விதி விதிதான். அவள் மறுபடி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் ஏழு. இந்தத் தடவை அவள் கண் கலங்கியிருந்தது. அம்மா அவளைத் தைரியப்படுத்த, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்துப் புருவத்தைத் தூக்கினார். டஸ்டர் பலகையை நோக்கிப் போனது. சேர் பேனையை மூடினார்.

அந்த மூடியின் சத்தம் கேட்டதும் நான் வாங்கில் ஏறி நின்றேன்.

“அழிக்காதேங்கோ அக்கா! அம்மா ஓம் எண்டுறா! புருவம் தூக்கினா ஓம்!”

டஸ்டர் பலகையைத் தொடாமல் நின்றது. அம்மா வெண்கட்டி படிந்த விரல்களால் தன் புருவங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முதலில் சிரித்தது அவர்தான்.

“பத்து வருசமா இஞ்சை இருக்கிறியள், ரீச்சர். ஒருத்தரும் சொல்லேல்லையோ?” என்றார் சேர்.

“வீட்டில எல்லாருக்கும் விளங்கும், சேர்.”

அடுத்த சனிக்கிழமை பதினாலு பேர் வந்தார்கள். வகுப்பு அம்மாவுடையதாயிற்று.

அதன் பிறகு அம்மாவைத் திருத்துவதை நான் பொறுப்பெடுத்தேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து, தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து ‘ஓம்’ சொல்லப் பழக்கினேன். புருவம் எழும்பினால் அடிமட்டக் கோலால் மணிக்கட்டில் மெல்லத் தட்டுவேன். அப்பியாசக் கொப்பி ஒன்றில் கோடு கீறி, திகதி போட்டு, அன்றன்றைய தவறுகளை எழுதிவைத்தேன். முதல் நாள் முப்பத்தொன்று. இரண்டாம் மாதம் நாலு. பிறகு பூச்சியம், பூச்சியம், பூச்சியம். சோறு போடவா என்று கேட்டாலும் அம்மா தலையைச் சாய்த்தார். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு முதல் நாள் அம்மா வருடத்தில் ஒரு தடவை தன் அக்காவுடன், நான் கண்டிராத என் பெரியம்மாவுடன், பேசுவார். காலி வீதி என்ற பெரிய தெருவில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. அந்த வருடமும் அம்மா அங்கே கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே ஸ்டூலில் இருந்தேன். உள்ளே பேசுவது கேட்காது. ஆனால் அம்மாவின் வாய் அசையாமலிருந்ததும் புருவங்கள் மேலே போனதும் தெளிவாகத் தெரிந்தன. சற்றுக் கழித்து மறுபடியும். பிறகு மறுபடியும். நான் எண்ணினேன். பதினொன்று.

எழுந்துபோய்க் கண்ணாடியில் தட்டினேன். அம்மா திரும்பினார். எப்படிச் செய்ய வேண்டும் என்று தலையைச் சாய்த்துக் காட்டினேன். அம்மா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு றிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, நான் பழக்கியபடி, தலையை வலப்பக்கம் சாய்த்தார். அவர் கண்கள் நனைந்திருந்தன. அந்த அறைக்குள் காற்று இல்லை, அதனால்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய திகதிக்கு நேரே பதினொன்று என்று எழுதினேன். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரியம்மாவால் அந்தப் புருவங்களைப் பார்த்திருக்க முடியாது. அவருக்குக் கேட்டதெல்லாம் ஒரு சின்ன மௌனம் மட்டுமே. ஆனாலும் முதல் பதில் அவருக்கு விளங்கியிராவிட்டால் இரண்டாவது கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார். பதினொன்று வரை எண்ணத் தெரிந்த எனக்கு, அந்தக் கணக்கு அன்றைக்குத் தெரியவில்லை.