ரோசாவின் குசினியில்

உணவகத்தில் சமைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊருக்கெல்லாம் சுடச்சுடப் பரிமாறுவோம், எங்கள் தட்டு மட்டும் ஆறிக் கிடக்கும்.

மொழித் தேர்வு

மொன்றியலுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்ட் தெருவில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். ரோசாவும் தம்பி நீனோவும் நடத்துகிற கடை. தெற்கு இத்தாலியில் மலைமேல் இருக்கும் அவர்களுடைய ஊரின் பெயர்தான் கடைக்கும். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, இத்தாலியன் அறவே இல்லை. ரோசா கையை நீட்டி, "குச்சீனா!" என்றார். சமையலறையைக் குசினி என்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இது தெரியாதா? நேரே உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். ரோசா தம்பியிடம் சொன்னதை நீனோ பிறகு எனக்குப் பிரெஞ்சில் விளக்கினார்: "பார்த்தாயா, எங்கள் பாஷை தெரிந்தவன்!"

உறைப்பு

கர்க்லாண்ட் புறநகரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. என்னைக் கண்டதும் கணவர் குசினி வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணை, இவையின்ர சாப்பாடு சப்பெண்டு இருக்கும். கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ." ரோசாவின் ஊர்க்காரர் மிளகாயில் எங்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்கள் சாப்பிடுகிற அளவையே பாஸ்தாவில் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மனிதர் கண்ணீரோடு திரும்பி வந்தார்: "அண்ணை, இதை இத்தாலிக்காரரோ தின்னுறவை?"

மாதா திருநாள்

ஆண்டுக்கொரு முறை, அவர்களுடைய மாதா கோயில் திருநாளன்று, ஊர்க்காரர் நாற்பது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். அன்றைய தக்காளி சோஸை ரோசா வேறு யாரையும் தொட விடமாட்டார். போன வருஷம் திருநாளுக்கு முதல் நாள் படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நீனோவுக்கு மேசைகளைத்தான் தெரியும், அடுப்படி தெரியாது. "நீ செய்," என்று நீனோ பெரிய கரண்டியை என் கையில் தந்தார்.

பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். ஆனாலும் விடியவே பன்றியெலும்பைப் போட்டுச் சோஸைக் கிளறத் தொடங்கியவன், ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் ருசி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் கார்மெலோ என்ற கிழவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர். பயந்துகொண்டே போய் நின்றேன். கடைசிப் பாண் துண்டால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "உன்னுடைய ஊர் எங்கள் ஊருக்கு எந்தப் பக்கம்?"

ஒரு கரண்டி

அன்று பின்னேரம் நீனோவும் நானும் ஒரு போத்தலில் சோஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரோசா ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "நன்றாக இருக்கிறது. அதற்காக அடுப்படியில் என் இடத்திலேயே நின்றுவிடாதே!"

அந்த ஊரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரரில் யாருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.