ராட்சசன் செருப்பில் ஒரு சிவப்பு ஒட்டு

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு ராங்கி என்று பேர். வைத்தவன் நான் இல்லை. பரப்பியது மட்டும் நான். அவள் கல்யாணத்தில் போட்டோக்காரர், "தலையைக் கொஞ்சம் குனிம்மா" என்றாராம். "நீங்க கேமராவைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாளாம். மாப்பிள்ளையான தச்சர் அன்றைக்குச் சிரித்தார். அதற்கப்புறம் வீட்டில் அவர் பேச்சு எடுபட்டதாகத் தகவல் இல்லை.

பள்ளிக்கூடப் பை தைத்து, சோபா உறை தைத்து, கடைசியில் சினிமாவுக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் செட்டுக்கு மரவேலை, இவள் துணிவேலை. நான் லைட் தூக்குகிறவன். பரண்மேல் நிற்பதால் எல்லாம் காதில் விழும்.

அந்த முறை பழைய சிறுவர் கதை ஒன்றைப் படமாக்கினார்கள். பிள்ளைகள் தெரியாமல் நுழைந்துவிடும் ராட்சசன் வீடு. தச்சர் செய்த நாற்காலி மாடி உயரம். சுவர், தரை, மேசை எல்லாம் சாம்பல் நிறம். அதன் நடுவே ராங்கி செய்த செருப்பு, கட்டில் அளவு. அதன் மூக்கில் போர்வைத் துணியில் ஒரு சிவப்பு ஒட்டு. தையலோ பல்லுப்போன சீப்பு மாதிரி.

இயக்குநர் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, குரங்கு தச்ச மாதிரி இருக்கு?"

பின்னால் நின்ற தச்சர் தொண்டையைச் செருமினார். தைத்தது அவர். தன் கைக்குக் கோணல் வராது என்று ராங்கிதான் அவரை உட்காரவைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாள்.

"அவன் தனிக்கட்டை சார்," என்றாள். "செருப்பு பிஞ்சா தச்சுக் குடுக்க ஆள் இல்ல, தானே தச்சுக்கிட்டான். கதையில கடைசியா பிள்ளைங்க அவன்கூட உக்காந்து சாப்பிடுதுங்க. இந்த ஒட்டப் பாத்தாத்தானே பயம் போகும்?"

"ராட்சசன்னா மிரட்டணும். ஒட்டப் பிரிச்சிட்டுத் தங்கக் கலர் அடிங்க. மதியம் ஷாட்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் ஒட்டு அப்படியே இருக்கிறது, ராங்கியைக் காணோம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ராட்சசன் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏணியையும் மேலே இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தாள்.

"இறங்கும்மா."

"ஒட்டோட எடுங்க, இறங்குறேன்."

"வேற ஆளை வச்சு வேற செருப்பு செஞ்சுக்குவேன்."

"செஞ்சுக்குங்க. நாற்காலியும் வேற செய்யணும்."

இயக்குநர் தச்சர் பக்கம் திரும்பினார். "யோவ், உன் சம்சாரத்த இறக்குய்யா."

"ஏணி ஒண்ணுதான் செஞ்சேன்," என்றார் தச்சர். "அது இல்லாம ஏற நான் என்ன குரங்கா சார்?"

நடிக்கவந்த பிள்ளைகளின் அம்மாக்கள் பையைக் கட்ட ஆரம்பித்தார்கள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"சரி, கேமராவைத் தரையில வைங்க. செருப்பு மட்டும் தெரியட்டும். இப்ப இறங்கு."

"எடுத்து முடிங்க. அப்புறம் இறங்குறேன்."

ஒரு தடவை ஒட்டோடு எடுத்துவிட்டால் படம் முழுக்க அதே செருப்புதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எடுத்தார்.

அந்தக் கம்பெனி அவளை அப்புறம் கூப்பிடவில்லை. ஒட்டு தன் யோசனை என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார். செருப்பின்மேல் மெல்ல அசையும் நிழலைப் பத்திரிகைகள் புகழ்ந்தன, ராட்சசன் வருகிறானாம். மேலே ராங்கி காலாட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் விளக்கை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் அந்த நிழல் விழுந்திருக்காது. எனக்கென்ன, வேறு வேலை இல்லையா?